புழங்கினால்தான் பொருள்!

(பட்டிமன்றத் தலைப்பு: பழம்பொருளுக்குப் பெருமை சேர்ப்பது பூட்டிக் காப்பதா? எடுத்துப் புழங்குவதா? 'எடுத்துப் புழங்குவதே' என்ற அணியில் இரண்டாவதாகப் பேசியது.)



அய்யா, நான் குத்துவிளக்கைப் பத்திப் பேசணும்னுதான் எழுதிக்கிட்டு வந்தேன். எங்க அப்பத்தா வச்சிருந்த உரலு, வெண்கலப் பானை, மரப்பாச்சி... எல்லாம் வரிசையா இந்தத் தாள்ல இருக்கு. ஆனா எனக்கு முன்னால பேசின பேராசிரியர் அம்மா இருக்காங்களே, அவங்க போற போக்குல ஒரு கேள்வியைத் தூக்கிப் போட்டுட்டுப் போயிட்டாங்க. "எடுத்துப் புழங்கணும், புழங்கணும்னு சொல்றீங்களே, குத்துவிளக்கை ஏத்தலாம், உரல்ல மாவாட்டலாம். நூத்தம்பது வருஷத்துக்கு முந்தின ரிவால்வர் ஒண்ணு வீட்ல இருந்தா என்ன பண்ணுவீங்க? எடுத்துச் சுடுவீங்களா?" அப்படின்னாங்க. அரங்கமே கைதட்டுச்சு. எங்க அணித் தலைவரும் சேர்ந்து தட்டினாரு. (சிரிப்பு)

அம்மா, நீங்க கேட்டதுக்குப் பதில்: ஆமாம்மா. சுடுவேன். சுட்டிருக்கேன்! (கைதட்டல்)

பயப்படாதீங்க. நடுவர் அய்யா நாற்காலியைக் கொஞ்சம் பின்னால தள்ளுறாரு. (சிரிப்பு) அய்யா, நான் முப்பத்தி மூணு வருஷம் பள்ளிக்கூடத்துல இயற்பியல் நடத்தினவன். என் கையில இருந்த அதிகபட்ச ஆயுதம் சாக்பீஸ்தான். சாத்தூர்ப் பக்கம் பொறந்தவன், அதனால மருந்து வாசனை மட்டும் பழக்கம். இந்தத் தாளை மடிச்சு வச்சிட்டு, அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிட்டு உட்கார்ந்துடறேன்.

என் மகள் அமெரிக்காவிலே, சின்சினாட்டிங்கிற ஊர்ல இருக்கா. பேத்தியைப் பார்க்கப் போனோம். அங்க போனா நமக்கு என்ன வேலை? காலையில ஜன்னல் வழியாப் பார்க்கிறது, சாயங்காலம் அதே ஜன்னல் வழியாப் பார்க்கிறது. அந்த ஜன்னலுக்கு எதிரே ஒரு வீடு. எழுபத்தெட்டு வயசுப் பெரியவர், லேத்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தனியா இருக்காரு. காரேஜைத் திறந்து வச்சுக்கிட்டு எப்பவும் எதையோ கழட்டித் துடைச்சுக்கிட்டே இருப்பாரு. ஒரு நாள் போய் எட்டிப் பார்த்தேன். மேஜை மேல ஒரு ரிவால்வர், அக்கு வேறா ஆணி வேறா பிரிஞ்சு கிடக்கு.

"என்ன இது?"ன்னு கேட்டேன். "கோல்ட்"னாரு. வீட்டுக்கு வந்து சம்சாரத்துக்கிட்ட, "எதிர்வீட்டுக்காரர் கோல்ட் சேர்க்கிறாராம்"னு சொன்னேன். "அந்த மனுஷனுக்கு இருக்கிற புத்தி உங்களுக்கு இல்லையே"ன்னா. (பலத்த சிரிப்பு) அது தங்கம் இல்லை தாயி, சாமுவேல் கோல்ட்னு ஒரு ஆளு பேரு. 1836-ல அமெரிக்காவுல காப்புரிமை வாங்கினவர். சுத்துற உருளைக்குள்ளே பல அறை, ஒவ்வொரு அறையிலும் ஒரு குண்டு, சுத்தியை இழுத்தா அடுத்த அறை குழாய்க்கு நேரா வந்து நிக்கும். மனுஷன் முதல் கம்பெனியை ஆரம்பிச்சு அதுல நொடிச்சுப் போய், சில வருஷம் கழிச்சு மறுபடி எழுந்தவரு.

மேஜை மேல இருந்தது 1851-ஆம் வருஷத்து மாதிரி. நேவின்னு பேரு. அந்த உருளையைச் சுத்தி ஊசி முனை மாதிரி ஒரு கப்பல் சண்டையைச் செதுக்கியிருக்காங்க. 1843-ல காம்பேச்சேங்கிற இடத்துல டெக்சஸ் கப்பல்களுக்கும் மெக்சிகோ கப்பல்களுக்கும் நடந்த சண்டை. பெரியவர் கையில இருந்ததுல பாதிக் கப்பல் தேஞ்சு போச்சு. கடல்ல மூழ்கலை, ஆளுங்க கை பட்டுப் பட்டுத் தேஞ்சிருக்கு.

இப்ப நம்ம பேராசிரியர் அம்மா, "பார்த்தீங்களா, புழங்கினதாலதானே தேஞ்சுச்சு?"ன்னு கேப்பாங்க. கேட்க வேண்டிய கேள்விதான். அதுக்கு வர்றேன்.

முதல்ல இந்தத் துப்பாக்கி எப்படி வேலை செய்யுதுன்னு சொல்லணும். நமக்கு இதைப் புரிய வைக்க அமெரிக்கா போக வேண்டியதே இல்லை. நரிக்குறவர் கையில நாட்டுத் துப்பாக்கி பார்த்திருக்கோம்ல? குழாய் வாய் வழியா மருந்தைப் போட்டு, ரவையைப் போட்டு, கம்பியால இடிப்பாங்க. அதே சங்கதிதான். இதுல குழாய்க்குப் பதிலா அந்த உருளையோட ஒவ்வொரு அறையிலும் முன்பக்கமா மருந்தைப் போட்டு, ஈயக்குண்டை வச்சு, கீழே இருக்கிற நெம்புகோலால அழுத்தணும். பின்பக்கம் ஒவ்வொரு அறைக்கும் ஒரு காம்பு மாதிரி இருக்கும். அதுல ஒரு சின்ன செம்புத் தொப்பியை மாட்டணும். அதுக்குப் பேரு கேப்பு. இன்னிக்குக் காலையில உங்க வீட்டுப் பசங்க 'டப் டப்'புனு சுட்டுக்கிட்டிருந்தாங்களே தீபாவளித் துப்பாக்கி, ரோல் கேப்பு, பொட்டு கேப்பு... அந்தப் பேரு எங்கிருந்து வந்துச்சுங்கிறீங்க? இங்கேருந்துதான்! (கைதட்டல்)

அந்த மருந்து என்ன மருந்து? நம்ம கருமருந்து. நூத்துக்கு எழுபத்தஞ்சு பங்கு வெடியுப்பு, பதினஞ்சு பங்கு கரி, பத்துப் பங்கு கந்தகம். நம்ம பட்டாசோட திரியில இருக்கிறதும் அந்தக் குடும்பம்தான். அந்த வெடியுப்பு ஒரு காலத்துல எங்கேயிருந்து போச்சு தெரியுமா? நம்ம பீகாரிலேருந்து. கிழக்கிந்தியக் கம்பெனி கப்பல் கப்பலா ஏத்திக்கிட்டுப் போய் ஐரோப்பாவுக்கு வித்துச்சு. மண்ணு நம்முது, சண்டை அவங்களுது.

பெரியவர் என்னை ஒரு ஞாயித்துக்கிழமை கூட்டிக்கிட்டுப் போனாரு. இண்டியானா மாநிலத்துல ஒரு கிராமம். அமெரிக்காவோட தேசிய வாய்வழித் துப்பாக்கிச் சங்கம் 1933-லேருந்து இருக்கு, அவங்க சுடுதளம் அங்கேதான். அந்த ஊர் பேரு என்ன தெரியுமாய்யா? ஃபிரண்ட்ஷிப்! ஊர் பேரு நட்பு, ஊருக்குள்ளே நுழைஞ்சா டமால் டுமீல்! (சிரிப்பு) எங்க ஊர்ல சமாதானபுரம்னு ஒரு தெருவு இருக்கு, அங்கேதான் தினமும் சண்டை நடக்கும். உலகமெல்லாம் ஒண்ணுதான்.

"நான் சுற்றுலா விசாவுல வந்தவன், துப்பாக்கியைத் தொடலாமா?"ன்னு கேட்டேன். அவரு சிரிக்கிறாரு. அந்த நாட்டுல 1968-ல ஒரு சட்டம் போட்டாங்க. 1898-ஆம் வருஷம் வரைக்கும் செஞ்சதும், இந்த மாதிரி கருமருந்தை முன்பக்கம் போட்டுச் சுடுற நகலும், மத்திய அரசுச் சட்டப்படி துப்பாக்கிங்கிற கணக்குலேயே வராது. என்னை மாதிரி விசாவுல போனவன் புதுத் துப்பாக்கியைக் கையில வச்சிருந்தா பொதுவா குற்றம். பழசு? சட்டப்படி அது துப்பாக்கியே இல்லை! நம்ம ஊர்ல அப்படிக் கிடையாதுங்க, இங்க 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் இருக்கு. தாத்தா பரண்ல வச்சிருந்தாருன்னு எடுத்துத் துடைச்சுக்கிட்டு உட்கார்ந்தீங்கன்னா, நம்மளைத் துடைச்சிடுவாங்க. (சிரிப்பு)

சுடுதளத்துக்குப் போனா, நான் நினைச்ச மாதிரி இல்லைங்க. சினிமாவுல குதிரையில வந்து இடுப்புலேருந்து உருவிச் சுடுவானே, அப்படி ஒருத்தரும் இல்லை. எல்லாம் நம்ம வயசு. பல்லு போன பெருசுங்க, மூக்குக் கண்ணாடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கிட்டு, சின்னச் சின்னக் குப்பியில மருந்தை அளந்து வச்சிருக்காங்க. ஒரு குண்டுக்கு ஒண்ணரை கிராம்கூட இல்லை. குடுவையிலேருந்து நேரா அறைக்குள்ளே ஊத்தக்கூடாது. முந்தின வெடியோட கங்கு உள்ளே இருந்துச்சுன்னா குடுவையே கையில வெடிச்சிடும். அதனால வீட்லயே குப்பி குப்பியா அளந்து எடுத்துக்கிட்டு வர்றது.

மருந்துக்கு மேல ஒரு வெள்ளைப் பொடியைப் போட்டாரு. "என்ன அது?"ன்னேன். தொட்டுப் பார்த்தா... அய்யா, சத்தியமாச் சொல்றேன், உப்புமா ரவை! (பலத்த சிரிப்பு) துப்பாக்கிக்குள்ளே ரவை போடுவாங்கன்னு நமக்குத் தெரியும். உப்புமா ரவை போடுவாங்கன்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்! குறி பார்த்துச் சுடறதுக்கு மருந்து கம்மியாப் போடுவாங்க. அப்ப குண்டு அறைக்குள்ளே ரொம்பக் கீழே போயிடும். கீழே போச்சுன்னா குழாய்க்குள்ளே நுழையறதுக்கு முன்னால தாண்டுற தூரம் கூடி, குறி தப்பும். அந்த இடத்தை ரவையால நிரப்பிட்டா குண்டு வாய்க்குப் பக்கத்துல உட்காரும். இயற்பியல் வாத்தியார் எனக்கு அந்த நிமிஷம் கண்ணு கலங்கிப் போச்சு. எத்தனை பொம்பளைப் பிள்ளைங்களுக்கு எந்திரவியல் நடத்தியிருப்பேன், ஒரு தடவையாவது உப்புமா ரவையை வச்சு நடத்தியிருக்கேனா?

அப்புறம் குண்டு. அறையோட வாயைவிட மயிரிழை பெருசா இருக்கும். அழுத்தும்போது ஓரத்துல மெல்லிசா ஈயம் வளையம் மாதிரி சீவி வரும். அந்த வளையம் வந்தாத்தான் அறை இறுக்கமா அடைஞ்சிருக்குன்னு அர்த்தம். வரலைன்னா என்ன ஆகும்? ஒரு அறை வெடிக்கும்போது பொறி பக்கத்து அறைக்குத் தாவி எல்லாம் ஒண்ணா வெடிக்கும். சங்கிலி வெடி! நம்ம சரவெடி தெருவுல வெடிச்சா அழகு, உள்ளங்கையில வெடிச்சா? அதுக்காகத்தான் குண்டுக்கு மேல கொழுப்பைத் தடவுறாங்க. ஆறு அறை இருந்தாலும் அஞ்சுதான் நிரப்புறாரு. சுத்தி இறங்கி நிக்கிற அறை காலி. கை தவறிக் கீழே விழுந்தாலும் வெடிக்காது.

எல்லாம் முடிச்சு என் கையில கொடுத்தாரு. அன்னிக்குக் கொடுத்தது அசல் இல்லை, இத்தாலியில செஞ்ச நகல். இத்தாலியில கார்டோனேன்னு ஒரு மலையடிவார ஊரு, பிரேஷியா பக்கம். துப்பாக்கி செய்யறதுல நூத்தாண்டுக் கணக்குல பேர் போன இடம். 1950-கள் கடைசியிலேருந்து இந்தப் பழைய மாதிரிகளை அச்சு அசலா அங்கே செய்யறாங்க.

குறி பார்க்கப் பின்னால முள்ளு எங்கேன்னு தேடறேன். இல்லை! சுத்தியோட நெத்தியில ஒரு வெட்டு இருக்கு, சுத்தியை இழுத்தாத்தான் அது தெரியும். அதாவது, சுட மனசு வந்த பிறகுதான் குறியே கண்ணுக்குத் தெரியும். அம்மா, இதை நான் நீங்க சொன்ன கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்னு ஆயிரம் வருஷம் பார்த்திருந்தாலும் தெரிஞ்சுக்கிட்டிருப்பேனா? (கைதட்டல்)

சுட்டேன். முதல்ல ஒரு 'பொஃப்'. கண்ணுக்கு முன்னால வெள்ளைப் புகை, ஒண்ணுமே தெரியலை. அழுகின முட்டை நாத்தம். எனக்கு ஒரே சந்தோஷம், சாத்தூர்ல தீபாவளி ராத்திரி வாசனை! குண்டு எங்கே போச்சுன்னு இன்னிவரைக்கும் தகவல் இல்லை. (சிரிப்பு)

ஆனா ஒண்ணு கவனிச்சேன். உதை ரொம்ப மெதுவா இருந்துச்சு. ஆள் தோளைத் தட்டிக் கூப்பிடுற மாதிரி. அப்பத்தான் எப்பவோ படிச்ச ஒரு சங்கதி எனக்குப் புரிஞ்சது. ஃபாஸ்பரின்னு ஒரு ஆங்கில அதிகாரி, விக்டோரியா சிலுவை வாங்கினவர், பிற்காலத்துல தானே ஒரு ரிவால்வர் வடிவமைச்சவர். அவரு 1857-ஐப் பத்தி ஒரு கதை சொல்லுவாரு. கலகம்னு அவங்க சொன்னாங்க, சுதந்திரப் போர்னு நாம சொல்றோம். ஒரு வெள்ளைக்கார அதிகாரி, குறி பார்த்துச் சுடறதுல பெரிய கெட்டிக்காரன்னு பேரு. கையில இதே கோல்ட் நேவி. எதிரே நம்ம சிப்பாய் ஒருத்தர் வாளோட வர்றாரு. அதிகாரி சுடறான், சுடறான், குண்டு படுது. சிப்பாய் நிக்கலை. வந்து ஒரே வெட்டு, கதை முடிஞ்சு போச்சு. படிச்சப்ப, சிப்பாயோட வீரம்னு நினைச்சேன். வீரம்தான், இல்லைங்கலை. ஆனா கையில பிடிச்சுச் சுட்டப்பத்தான் தெரிஞ்சது, அந்தக் குண்டு அத்தனை சின்னது, உதை அத்தனை லேசு. ஓடிவர்ற ஆளைப் பிடிச்சு நிறுத்துற பலம் அதுக்கு இல்லை. அதனாலதான் ஆங்கில அதிகாரிகள்ல நிறையப் பேரு ராபர்ட் ஆடம்ஸ் செஞ்ச பெரிய வாய் ரிவால்வர் பக்கம் சாஞ்சாங்க. ஒரு வரி சரித்திரம், என் மணிக்கட்டு வழியாத்தான் மண்டைக்குள்ளே ஏறுச்சு.

சரி, தேய்மானத்துக்கு வர்றேன். பெரியவர் அசலை வருஷத்துக்கு ரெண்டே தடவைதான் சுடுவாரு. மத்த நாளெல்லாம் நகல். சுடறதுக்கு முன்னால உருளை ஆடுதா, அறையும் குழாயும் நேர்கோட்டுல நிக்குதா, காம்புல நசுங்கல் இருக்கான்னு பார்ப்பாரு. கருமருந்து தவிர வேற எதையும் காட்ட மாட்டாரு. இந்தக் காலத்துப் புகையில்லாத மருந்தைப் போட்டா அந்த இரும்பு தாங்காது, சிதறிடும். சேகரிக்கிறவங்க இன்னொரு பாவமும் பண்ணமாட்டாங்க. பாலிஷ்! நம்ம வீட்ல புளி போட்டுத் தேய்க்கிற மாதிரி தேய்ச்சுப் பளபளன்னு ஆக்கினீங்கன்னா விலை பாதாளத்துக்குப் போயிடும். பழைய நீலம், பழைய கறை, குழாய்லேயும் சட்டத்துலேயும் உருளையிலேயும் ஒரே எண்ணு, இதுதான் விலை. இன்னொரு வேடிக்கை: அந்தக் காம்பு எதனால நசுங்குது தெரியுமா? மருந்தும் கேப்பும் இல்லாம, வேடிக்கை பார்க்கிறவங்க சும்மா 'டிக்கு டிக்கு'ன்னு விசையை இழுத்துப் பார்ப்பாங்க பாருங்க, அதுலயும்தான். கண்ணாடிப் பெட்டியிலேருந்து எடுத்து விருந்தாளிக்குக் காட்டுறவன் பண்ற வேலை அது! (கைதட்டல்)

எல்லாத்தையும் சுடலாமான்னா, கூடாது. அதையும் சொல்லிடறேன், இல்லைன்னா நான் நேர்மையான ஆளு இல்லை. 1847-ல வாக்கர்னு ஒரு மாதிரி செஞ்சாங்க, மொத்தமே ஆயிரத்து நூறு. ரெண்டு கிலோ கனம். அந்தக் காலத்துலேயே பல உருளை வெடிச்சுப் போச்சு. இன்னிக்கு மிஞ்சியிருக்கிற ஒண்ணுல மருந்தை ஊத்துறவன் பைத்தியக்காரன். அப்புறம் பேட் கேரட்ங்கிற ஷெரீப், 1881-ல பில்லி தி கிட்ங்கிற கொள்ளைக்காரனைச் சுட்டாரே, அந்தக் கோல்ட் 2021-ல ஏலத்துக்கு வந்துச்சு. அறுபது லட்சம் டாலருக்கு மேல போச்சு. அதைக் கொண்டுபோய் டமால்னு சுடுன்னு நான் சொல்லுவேனா? மாட்டேன். அது ஒரு மரணத்துக்குச் சாட்சி, அம்மா. சாட்சியை யாரும் வேலைக்கு அனுப்ப மாட்டாங்க. அந்த ஒண்ணை உங்களுக்கே விட்டுக் கொடுத்துடறேன், பெட்டியில வச்சுப் பூட்டிக்கோங்க. மிச்சம் லட்சக்கணக்குல இருக்கு. இந்த 1851 மாதிரி மட்டும் ரெண்டு லட்சத்துக்கு மேல செஞ்சிருக்காங்க.

இப்ப எனக்குச் சங்கடமான ஒரு இடம்.

அன்னிக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். சட்டையெல்லாம் புகை வாசனை. பேத்தி ஓடி வந்தா. தூக்கப் போனேன். என் மகள் குறுக்கே வந்து நின்னா. "அப்பா, தொடாதீங்க. முதல்ல கையைக் கழுவுங்க, சட்டையை மாத்துங்க. ஈயம் ஒட்டியிருக்கும்." சரிம்மான்னு போனேன். பின்னாலேயே வந்தா. குரல் மாறிப் போச்சு. "இவ பள்ளிக்கூடத்துல என்ன பழகிக் கொடுக்கிறாங்க தெரியுமாப்பா? எவனாவது துப்பாக்கியோட உள்ளே வந்தா விளக்கை அணைச்சிட்டு மூலையில சத்தம் போடாம உட்காரணும்னு. ஆறு வயசுப் பிள்ளைக்கு! நீங்க போய் ஜாலியாச் சுட்டுட்டு வர்றீங்க."

அய்யா, பட்டிமன்றத்துல எதிர்க்கேள்விக்கு உடனே பதில் சொல்லணும். அன்னிக்கு என்கிட்ட பதில் இல்லை. ராத்திரி தூங்கலை.

இந்தக் கேள்வியை ஒரு நாடே கேட்டிருக்கு. 1996 மார்ச் 13, ஸ்காட்லாந்து, டன்பிளேன்னு ஒரு சின்ன ஊரு. பள்ளிக்கூடத்துக்குள்ளே ஒருத்தன் கைத்துப்பாக்கிகளோட நுழைஞ்சான். பதினாறு குழந்தைங்க, ஒரு ஆசிரியை. அடுத்த வருஷமே கைத்துப்பாக்கியைத் தடை பண்ணிச் சட்டம் போட்டாங்க. அவ்வளவு துக்கத்துல எழுதின சட்டம். அந்தச் சட்டத்தோட ஏழாவது பிரிவைப் பாருங்க, நம்ம பட்டிமன்றத் தலைப்பே அங்கே உட்கார்ந்திருக்கு! 1919-க்கு முந்தின கைத்துப்பாக்கி, குண்டு சுலபமாக் கிடைக்காத ரகம், அதை அனுமதியோட வீட்ல வச்சுக்கோ, ஆனா சுடாதே. இது ஒரு வழி. சரித்திர முக்கியத்துவமோ அபூர்வமோ உள்ள ரிவால்வரா, சுடணுமா? சுடு. ஆனா வீட்டுக்குக் கொண்டு போகாதே, அரசு குறிச்ச இடத்துல பூட்டி வச்சு, அங்கேயே எடுத்து, அங்கேயே சுட்டு, அங்கேயே வை. இது ரெண்டாவது வழி. முன்பக்கமா மருந்து போடுற, நான் சொன்ன இந்தப் பழைய ரகத்தைத் தடையிலேருந்தே விலக்கி, சாதாரண அனுமதிச் சீட்டுல விட்டுட்டாங்க. பிள்ளைகளைப் பறிகொடுத்த நாடு, கோபத்துலேயும் பிரிச்சுப் பார்த்துச்சு.

எதிரணித் தம்பி ஒரு சீட்டு எழுதி நீட்டுறாரு, என்னன்னு எனக்குத் தெரியும். 2017-ல இங்கிலாந்துல ஒரு வழக்கு. பழைய கைத்துப்பாக்கிகளைக் கொண்டு வந்து, அதுக்கு ஏத்த தோட்டாவைத் தானே செஞ்சு, கொலைகாரக் கும்பல் கையில போய்ச் சேரும்படி பண்ணின ஒரு ஆளுக்கு முப்பது வருஷம் சிறை. உண்மை. அவன் பதிவு பெற்ற வியாபாரியும்கூட, அதுவும் உண்மை. மறைக்கலை. ஆனா தம்பி, அந்தப் பழைய துப்பாக்கிங்க எந்த ஓட்டை வழியா நடமாடுச்சு? அந்த நாட்டுச் சட்டத்துல, அலங்காரமாவோ வேடிக்கைப் பொருளாவோ வச்சிருந்தா பழைய துப்பாக்கிக்குச் சீட்டே வேண்டாம். சுடணும்னு நினைச்ச நிமிஷம் சீட்டு வாங்கணும், போலீஸ் வீட்டுக்கு வந்து பூட்டைப் பார்க்கும், ஆளை விசாரிக்கும். சுடறவன் பேரு பதிவேட்டுல இருக்கு. அலங்காரத்துக்கு வச்சிருக்கிறவன் பேரு எங்கேயும் இல்லை. அதனாலதான் 2021-ல விதியை இறுக்கி, எந்த ரகத் தோட்டா போடுற துப்பாக்கி பழம்பொருள், எது இல்லைன்னு பட்டியல் போட்டாங்க. நீங்க நம்புற கண்ணாடி அலமாரியிலதான்யா கதவு திறந்து கிடந்துச்சு! (பலத்த கைதட்டல்)

உலக அளவுல 1971-லேருந்து இதுக்குன்னு ஒரு கூட்டமைப்பு இருக்கு. ரிவால்வர் போட்டியில இருபத்தஞ்சு மீட்டர் தூரம், அரை மணி நேரம், பதிமூணு குண்டு, அதுல நல்ல பத்தை மட்டும் எண்ணுவாங்க. மூணு தப்புக்கு மன்னிப்பு உண்டு. என் வீட்ல ஒண்ணுக்குக்கூடக் கிடையாது. (சிரிப்பு) அரை மணி நேரத்துல பதிமூணு குண்டு, அய்யா. யோசிச்சுப் பாருங்க, எதுக்கு இத்தனை நேரம்? அளந்து, ஊத்தி, ரவை போட்டு, அழுத்தி, கொழுப்புத் தடவி, கேப்பு மாட்டி... வெறி பிடிச்சவன் தொடுற பொருளா இது? பொறுமை இருக்கிறவனுக்குத்தான் அது பேசும்.

(மணி ஒலிக்கிறது)

நடுவர் அய்யா மணி அடிச்சிட்டாரு, ஒரே நிமிஷம். சுட்ட பிறகு ஒரு வேலை இருக்கு. கருமருந்துக் கரி காத்துல இருக்கிற ஈரத்தைக் குடிக்கும், ராத்திரிக்குள்ளே துரு ஏறிடும். அதனால அன்னிக்கே கழுவணும். எண்ணெய் இல்லை, வெந்நீரும் சோப்பும்! நூத்தம்பது வருஷத்துக்கு அதுதான் மருந்து. அடுத்த தடவை பெரியவர் அசலைச் சுட்டுட்டு வந்தாரு. கை நடுங்குது, குழாயைப் பிடிச்சிருக்கிற ஆப்பைக் கழட்ட முடியலை. நம்ம மாட்டு வண்டிக் கடையாணி மாதிரி ஒரு ஆப்பு, அதைத் தட்டினாக் குழாய் தனியா வந்துடும். நான்தான் தட்டிக் கழட்டினேன். அவரு வீட்ல வெந்நீர்க் குழாய் ரிப்பேர். நம்ம வீட்டு அடுக்களைக்கு வந்து, மகளைப் பார்த்துக்கிட்டு நிக்கிறேன். கேட்கத் தைரியமில்லை. அவ ஜன்னல் வழியா எதிர்வீட்டுப் பெரியவரைப் பார்த்தா. நடுங்குற கையோட, பிரிச்சுப் போட்ட இரும்பு முன்னால உட்கார்ந்திருக்காரு. ஒண்ணும் பேசலை. கெட்டில்ல தண்ணியைப் பிடிச்சு சுவிட்சைப் போட்டா. கொதிச்சதும் என் கையில கொடுத்துட்டு, "சோப்பு இருக்காப்பா அவர்கிட்ட?"ன்னு கேட்டா.



(கைதட்டல்)